இரண்டாம் தண்ணீர்

எங்கள் வீட்டில் அரிசியை மூன்று தண்ணீரில் களைவோம். முதல் தண்ணீரில் தூசி போகும். அது கொல்லையில் நிற்கும் வாழைக்கு. இரண்டாம் தண்ணீர் பால்போல இருக்கும், அது அடுப்புக்கு. மூன்றாவது கறிவேப்பிலைக் கன்றுக்கு.

மருமகள் வந்த முதல் வருஷம், சித்திரை மாதம். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவளே அரிசியைக் களைந்து, இரண்டாம் தண்ணீரைத் தொட்டியில் சாய்க்கப் போனாள். "கொட்டிறாதம்மா" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன். அவள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். "இதுல என்ன அத்தை இருக்கு?" என்று கேட்டாள். "மண்டி இருக்கு" என்றேன். அன்று மத்தியானம் வெண்டைக்காய் மண்டி வைத்துப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்குத்தான் அப்போது பதில் சொன்னேன். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மண்டி என்றால் அடியில் தங்குவது, வண்டல். அரிசி களைந்த தண்ணீரைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் மாவு அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை வடித்துவிட்டு, அந்தக் கெட்டியில் புளி கரைத்துக் குழம்பு வைக்கிறோம். குழம்புக்கும் மண்டி என்றே பெயர். இதில் அரைக்க ஒன்றும் இல்லை. தேங்காய் இல்லை, மசாலாப் பொடி இல்லை, மஞ்சள்கூட இல்லை. செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைப்பது மிளகும் சோம்பும் வறுத்து அரைத்த விருந்துச் சமையல். அதுவும் எங்களுடையதுதான். ஆனால் கோடை மத்தியானத்தில் எங்கள் அடுப்படிகளில் கொதிப்பது பெரும்பாலும் வேறு. லேசானது, புளிப்பானது, வயிற்றைச் சுடாதது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

எங்கள் பக்கம் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் கண்மாயையும் ஊருணியையும் நிரப்ப வேண்டும். அந்தத் தண்ணீர்தான் அடுத்த ஐப்பசி வரை. பெரிய வீடுகளில் வளவின், அதாவது உள்கட்டின், நடுவே முற்றம் வைத்து, ஓட்டில் விழுகிற மழையை அண்டாக்களில் பிடித்து வைத்தது இதனால்தான். காரைக்குடிக்குச் சம்பை ஊற்று இருந்ததால் பிழைத்தது; அந்தத் தண்ணீரின் ருசியை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் பங்குனி பாதியிலேயே செம்புக் கணக்கு பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

நான் சமையல் கற்றுக்கொண்டது பள்ளத்தூரில், ஆயா வீட்டில். அம்மாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் ஆயா என்போம். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே எங்களைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் மட்டும் ஒன்பது பேர். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்க, துணி துவைக்க அது. குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் ஊருணித் தண்ணீர், பித்தளைக் குடத்தில், மூடி போட்டு. "பருப்புக்கு ஏன் ஆயா நல்ல தண்ணி?" என்று கேட்டதற்கு, "உப்புத் தண்ணியில பருப்பு பிடிவாதம் பிடிக்கும் ஆத்தா" என்றார். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரில் பருப்பின் தோலும் சதையும் இறுகிக்கொள்ளும், எவ்வளவு வேகவைத்தாலும் அரிசிக்குருணை மாதிரி நிற்கும். அதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பிடிவாதம் என்ற சொல் போதுமானதாகத்தான் இருந்தது.

ஆயா காயை நறுக்கியபின் கழுவியதே இல்லை. கழுவி, முறத்தில் பரப்பி, ஈரம் உலர்ந்த பிறகுதான் அரிவாள்மனை முன்னால் உட்காருவார். கழுவின தண்ணீர் ஒரு வாளியில் சேரும். சாயந்திரம் அது அவரைக் கொடிக்குப் போகும். ஒன்பது பிள்ளைகளுக்குச் சமைத்த வீட்டில் சாக்கடைக்கு என்று போன தண்ணீரை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, வெண்டைக்காய் மண்டி.

கால் கிலோ வெண்டைக்காய். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கழுவித் துணியில் துடைத்து, இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பொரியலுக்குப் போல மெல்லிசாக நறுக்கினால் குழம்பில் காணாமல் போய்விடும். சின்ன வெங்காயம் இருபது, உரித்து முழுசாக. பூண்டு பத்துப் பல். பச்சை மிளகாய் ஏழெட்டு, காம்போடு கீறியது. முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டு வேகவைத்த மொச்சை ஒரு கை. சின்ன எலுமிச்சை அளவு புளி. புளியைத் தனித் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். இரண்டாம் தண்ணீரிலேயே ஊறட்டும். இரண்டு டம்ளர் போதும்.

நல்லெண்ணெயைக் காயவைத்து வெண்டைக்காயை முதலில் வதக்கி எடுத்துவிட வேண்டும். தட்டுப் போட்டு மூடக் கூடாது. மூடினால் நீராவி உள்ளேயே நின்று வழவழப்பு கூடும். தீயை மிதமாக வைத்து, கரண்டியால் அடிக்கடி கிளறாமல், அவ்வப்போது சட்டியைக் குலுக்கினால் போதும். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக வரும். அந்த நூல் மெலிந்து, அறுந்து, கடைசியில் காணாமல் போகும். காயின் ஓரம் லேசாகக் கறுக்கும்போது எடுத்துத் தட்டில் வையுங்கள். மிச்சம் இருக்கிற வழவழப்பைப் புளி பார்த்துக்கொள்ளும். காய் முன்பே எண்ணெயில் வெந்துவிடுவது இன்னொரு விதத்திலும் நல்லது. புளியில் விழுந்த காய் அதன்பிறகு சுலபத்தில் மெத்தென்று ஆகாது. வேகாத கத்திரிக்காயைப் புளித் தண்ணீரில் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

அதே எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை. பிறகு பூண்டு, வெங்காயம், மிளகாய். வெங்காயத்தின் தோல் கண்ணாடி மாதிரி ஆனதும் புளி கரைத்த மண்டியை வடிகட்டி ஊற்றி உப்புப் போடுங்கள். இந்த இடத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. அரிசி மாவு அடியில் போய் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். கிளறிக்கொண்டே இருந்தால், கொதி வருவதற்குச் சற்று முன்னால் ஒரு மாற்றம் தெரியும். வெளுப்பாக, தண்ணீராக, கரண்டியிலிருந்து சிதறி விழுந்துகொண்டிருந்தது சட்டென்று ஒன்றுகூடி வழியும். கரண்டியின் முதுகில் ஒரு பூச்சு நிற்கும். பொடிப்பொடியாக வந்த கொப்புளங்கள் பெரிதாகி, மெதுவாக, ஒன்றொன்றாக உடையும். சத்தம்கூட மாறும். ஆயா அடுப்படிக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டே, அந்தச் சத்தத்தைக் கேட்டு, "காயைப் போடு ஆத்தா" என்பார்.

வெண்டைக்காயையும் மொச்சையையும் போட்டு ஐந்து நிமிஷம். அவ்வளவுதான். இறக்கி அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். ஆறினால் இன்னும் கெட்டிப்படும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள். பச்சை மிளகாயின் காரம் மண்டியில் இறங்கி, மண்டியின் புளிப்பு மிளகாயில் ஏறியிருக்கும். அந்த மிளகாயைத் தனியாக எடுத்துவைத்துத் தயிர்ச் சோற்றோடு கடித்துக்கொள்வதற்கு எங்கள் வீட்டில் போட்டியே நடக்கும். மறுநாள் காலையில் பழைய சோற்றோடு இது இன்னும் நன்றாக இருக்கும். புளியும் நல்லெண்ணெயும் இருப்பதால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்திலும் மண்டி மறுநாளைக்குத் தாங்கியது.

மருமகள் கேட்ட கேள்விகளில் ஒன்று: "எங்க வீட்டு அரிசியில இவ்வளவு கெட்டியா வரலையே அத்தை?" நியாயமான கேள்வி. இப்போது கடையில் வரும் அரிசியை அவ்வளவு தீட்டுகிறார்கள். களைந்தால் வெளுப்பு குறைவாகத்தான் வருகிறது. முதல் தண்ணீரை வடித்துவிட்டுப் பத்து நிமிஷம் அரிசியைக் கொஞ்சம் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு கையால் நன்றாகத் தேய்த்துக் களைந்தால் வரும். பச்சரிசி என்றால் இன்னும் நன்றாக வரும். அப்படியும் போதவில்லையென்றால் ஒரு சின்னக் கரண்டி அரிசி மாவைக் கரைத்து விடுங்கள். ஆயா இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். ருசியில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மாங்காய் மண்டியும் இதே வழிதான். பச்சை மிளகாய்க்குப் பதில் காய்ந்த மிளகாய். பக்கத்து ராமநாதபுரம் முண்டு மிளகாய் கிடைத்தால் அதுதான் சரி. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருவில் ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயத்துக்கு முத்திரை விழுந்த மாதிரி இருந்தது. மாங்காயின் புளிப்பைப் பார்த்துப் புளியைக் குறைத்து, கடைசியில் ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லம். கொட்டையோடு நறுக்கிய துண்டாக இருக்க வேண்டும். கொட்டையைச் சப்பாமல் மாங்காய் மண்டி சாப்பிட்டதாகக் கணக்கில்லை.

எந்தக் காயை எப்போது வாங்குவது என்பதில்தான் எனக்கு இப்போதெல்லாம் கவலை. சாக்கோட்டைப் பக்கமிருந்து ஓர் அம்மா வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தெருவுக்குக் கூடையோடு வருவார். தன் தோட்டத்துக் காய் கொஞ்சம், அக்கம்பக்கத்தில் வாங்கியது கொஞ்சம். தை, மாசியில் போட்ட விதையெல்லாம் பங்குனி, சித்திரையில் காய்க்கும்: வெண்டை, பீர்க்கு, புடலை, சுரை, பறங்கி, வெள்ளரி. கூடவே சீனியவரை. மற்ற ஊரில் கொத்தவரை என்பார்கள். முருங்கை மரம் வைத்திருப்பவர்கள் காயை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் காலம் இது. "என்னக்கா, இன்னைக்குப் பீன்ஸ் இல்லையா?" என்று தெருவில் ஒரு வீட்டில் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை: "இந்த வெயில்ல பீன்ஸ் எங்க ஆச்சி விளையும்? அது மலையில விளையுறது. எங்கிட்ட இருக்கிறது இந்த மண்ணு குடுத்ததுதான்."

பீன்ஸும் கேரட்டும் காலிஃபிளவரும் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. நானும் வாங்குகிறேன். ஆனால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பறித்து, மூட்டை கட்டி, லாரியில் வந்து, கடையில் இரண்டு நாள் கிடந்து, வெயிலில் வாடிய பீன்ஸை ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்து வாங்கி, அதை ருசியாக்குவதற்கு மசாலாவை அள்ளிப் போடுகிறோம். கூடையில் இருக்கும் பீர்க்கங்காய் அன்று காலையில் பறித்தது. அதற்கு ஒரு பிடி பாசிப்பருப்பும் ஒரு காய்ந்த மிளகாயும் போதும். பீர்க்கங்காய் வேகும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அதுவே விடும். புடலையும் சுரையும் வெள்ளரியும் அப்படித்தான். தண்ணீர் குறைந்த ஊரில், தண்ணீர் குறைந்த மாதத்தில், தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொண்டு வருகிற காய்கள்.

சீனியவரைக்குத் துவட்டல். பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுத் தெளித்த தண்ணீரில் வேகவிட்டு, மலர வெந்த துவரம்பருப்பையும் தேங்காய்த் துருவலையும் போட்டுத் துவட்டி எடுப்பது. பறங்கிக்காய் என்றால் புளிக்கறி, கொஞ்சம் வெல்லம். இவற்றை விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தரம் செய்தால் கை பழகிவிடும்.

சுரைக்காயைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷம் முன்னால் ஒரு மே மாதம். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. எங்கள் கொல்லையில் போட்ட சுரைக்கொடி நான் பத்து நாள் வெளியூர் போயிருந்த சமயத்தில் தண்ணீரில்லாமல் வாடி, பிறகு தண்ணீர் விட்டதும் தளிர்த்து, ஒரே ஒரு காயை விட்டிருந்தது. பார்க்க அழகாக, பிஞ்சாக இருந்தது. பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன். முதல் வாய் வைத்த என் கணவர் முகத்தைச் சுளித்தார். நானும் வாயில் வைத்தேன். பாகற்காய்க் கசப்பு மாதிரி இல்லை அது. நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிற கசப்பு. வீணாக்க வேண்டாமே என்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் வாந்தி. ராத்திரி முழுக்க வயிற்றைப் பிசைந்து எடுத்துவிட்டது. காலையில் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சுரைக்காய் கசந்ததா?"

சுரை, வெள்ளரி, பூசணி இனத்தில் எல்லாவற்றிலும் குக்கர்பிட்டாசின் என்று ஒரு கசப்பு நச்சு கொஞ்சம் உண்டு. சாதாரணமாக அது தெரியாத அளவில்தான் இருக்கும். கடும் வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் கொடியை வாட்டினால் கூடிவிடும். வேகவைத்தாலும் போகாது. வட இந்தியாவில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்துச் சிலர் இறந்துபோக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு வைத்து ஆராய்ந்தது. 2012-இல் வெளிவந்த அந்த அறிக்கை சொன்னதும் எளிமையானதுதான்: கசந்தால் சாப்பிடாதீர்கள். அதற்குப் பிறகு நான் சுரைக்காயை நறுக்குமுன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்காமல் சட்டியில் போடுவதில்லை. கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்து, காயைக் குப்பையில் போட வேண்டியதுதான். வெள்ளரிக்கும் இதேதான். நுனியை நறுக்கித் தேய்த்து நுரை எடுத்தால் கசப்பு போய்விடும் என்று எல்லோரும் செய்கிறோம். செய்துவிட்டும் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள். வீட்டில் கொடி வைத்திருப்பவர்கள் கோடையில் ஒருநாள்கூடத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். அரிசி களைந்த முதல் தண்ணீர் போதும்.

கத்திரி வெயிலில் கத்திரிக்காய்க்கு வேறு ருசி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அப்போது கோசமல்லி செய்வோம். காயை வேகவைத்துத் தோலுரித்துக் கையாலேயே மசித்து, புளித் தண்ணீரில் கலந்து, வெங்காயம் பச்சை மிளகாய் வதக்கிச் சேர்ப்பது. இடியாப்பத்துக்கும் இட்லிக்கும். அடுப்பு எரிகிற நேரம் இருபது நிமிஷம்கூட இல்லை. நாற்பது டிகிரியில் அடுப்படியில் நிற்கிறவளுக்கு அந்த இருபது நிமிஷக் கணக்கு ரொம்ப முக்கியம். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. மண்டி, கோசமல்லி, துவட்டல், மூன்றையும் முடித்துவிட்டுக் காலை ஒன்பது மணிக்குள் அடுப்பை அணைத்துவிடலாம். ஆயா அப்படித்தான் செய்தார். அதற்குமேல் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் முந்தானையை விரித்துப் படுத்துவிடுவார். அந்தக் கல்லின் குளிர்ச்சி முதுகுக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பலாவைச் சொல்லாமல் கோடையைச் சொல்ல முடியாது. எங்களுக்குப் பலா வருவது வடகிழக்கே ஆலங்குடிப் பக்கமிருந்து. வடகாடு, கீரமங்கலம், அந்தச் செம்மண் தோட்டங்கள். பங்குனியில் பிஞ்சு வரும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அதை நறுக்கி, மஞ்சள் தண்ணீரில் போட்டு, வேகவைத்து, சோம்பும் பூண்டும் தட்டிப் போட்டுப் பிரட்டினால் கறி சாப்பிடுகிறவர்கள்கூட இரண்டாம் தடவை கேட்பார்கள். பழம் வந்த பிறகு கொட்டைகள். பலாக்கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தி, மணலில் புதைத்து வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பலகாய் மண்டிக்கு அது இல்லாவிட்டால் ஏதோ குறை: மாங்காய், கத்திரிக்காய், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, மொச்சை, எல்லாவற்றுக்கும் நடுவில் பலாக்கொட்டை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. வடகாட்டுப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் போய்ப் பார்த்தேன். தென்னையும் மாவும் பலாவும் ஒன்றின்மேல் ஒன்று. ஒரு பெரியவர் விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கோடையில் எங்கள் சந்தையில் பலா வண்டிகள் எண்ணிவிடும் அளவுக்குத்தான் நின்றன. வாழை போலச் சீக்கிரம் மீள்கிற மரமில்லை பலா. கன்று வைத்து நல்ல காய்ப்பு வர வருஷங்கள் ஆகும். இப்போது மறுபடி வரத்து தெரிகிறது. பலாப்பிஞ்சை நான் பேரம் பேசி வாங்குவதை அந்த வருஷத்தோடு விட்டுவிட்டேன்.

கோடைக் காயைப் பற்றி எழுதும்போது இன்னொரு சமையல்காரரையும் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் இருக்கிறார். வெயிலைத்தான் சொல்கிறேன். காயை அன்றன்றைக்குச் சமைப்பது பாதி வேலை. மீதிப் பாதி, மழைக்காலத்துக்கு எடுத்து வைப்பது. சீனியவரை, கத்திரிக்காய், வெண்டைக்காய், சுண்டைக்காய், மிதுக்கங்காய், மோர் மிளகாய். மிதுக்கங்காய் தரிசில் தானாகப் படர்கிற கொடியின் காய், விரல் நுனி அளவுதான் இருக்கும். உப்புப் போட்ட தயிரில் ஊறி, வெயிலில் காய்ந்து, எண்ணெயில் பொரிந்தால் ஒரு தட்டுச் சோறு உள்ளே போய்விடும்.

எங்கள் வீட்டில் பெரிய வேலை மாவத்தல். சித்திரையின் கடைசியில் காற்றோடு ஒரு மழை வரும். மாந்தோப்புகளில் கொட்டைபிடித்த காய்கள் கொத்தாக விழும். மறுநாள் சந்தையில் அவை மலிவு. அடிபடாத காயாகப் பொறுக்கிக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, கொட்டையோடு நீளவாக்கில் ஆறு எட்டுத் துண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் பருப்பை எடுத்துவிட வேண்டும். ஒரு கிலோவுக்கு நூறு கிராம் கல்லுப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள். சாடியில் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் காலையில் துண்டெல்லாம் தண்ணீரில் மிதக்கும். நாம் ஊற்றிய தண்ணீர் இல்லை அது. மாங்காயிலிருந்து உப்பு இழுத்து வெளியே கொண்டுவந்தது. இரண்டு நாள் அப்படியே ஊறட்டும், காலையும் மாலையும் ஒரு குலுக்கு.

மூன்றாம் நாள் துண்டுகளை மட்டும் எடுத்துப் பனையோலைப் பாயில் பரப்பி மாடியில் காயவைப்போம். சாடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கும் வாயில் துணி கட்டி வெயிலில் வைப்போம். சாயந்திரம் துண்டுகள் மறுபடி அந்தத் தண்ணீருக்குள். காலையில் மறுபடி பாயில். காயவைக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் துண்டின் ஓரம் சுருளும். பச்சை போய்ப் பழுப்பு வரும். ஐந்தாம் நாள் சாடியின் அடியில் தண்ணீர் இருக்காது. அது விட்ட தண்ணீர் அத்தனையையும் அதுவே திரும்பக் குடித்திருக்கும். ஆறாம் நாளிலிருந்து வெறும் காய்ச்சல்தான். ஒரு துண்டை எடுத்து மடக்கினால் மடங்காமல் ஒடிய வேண்டும். மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அதுவரை மாடியை விட்டு எடுக்கக் கூடாது. அவசரப்பட்டு எடுத்தால் ஆடியில் பூசணம் பூக்கும். நான் ஒரு வருஷம் ஐந்து கிலோவை அப்படிப் பறிகொடுத்தேன். இரண்டு நாள் வெயிலுக்கு அஞ்சி மாடிக்குப் போகாததற்கு விலை.

சின்ன வயதில் எங்களுக்குக் காக்கா விரட்டும் வேலை. ஒன்பது பேரும் முறை வைத்துக்கொண்டு, கறுப்புக் குடையோடு மாடியில் உட்காருவோம். விரட்டியதைவிடத் தின்றது அதிகம். நாலாம் நாள் துண்டு, பாதி காய்ந்து பாதி ஈரமாக, உப்பும் புளிப்புமாக இருக்கும். அதைப் போல ஒரு தின்பண்டத்தை அதற்கப்புறம் நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. ஆயா கீழேயிருந்து, "ஆத்தா, காக்கா எத்தனை தின்னுச்சு?" என்று கேட்பார். நாங்கள் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, "ஒண்ணுகூட இல்ல ஆயா" என்போம்.

இந்த வருஷ மாவத்தலை நேற்று அடைத்தேன். எட்டுக் கிலோ மாங்காய் ஒன்றரைச் சாடியாக வந்திருக்கிறது. அரைச் சாடி மகன் வீட்டுக்கு. மருமகள் போன வருஷமே கேட்டு வைத்துவிட்டாள். ஒரு கொட்டான், அதாவது சின்ன ஓலைக் கூடை, நிறையத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், காய் கொண்டுவரும் அம்மாவுக்கு. இதை எப்படிச் சமைப்பது என்று மருமகள் கேட்டது அவளுடைய கடைசிக் கேள்வி. கார்த்திகையில் அடைமழை பெய்துகொண்டிருக்கும், கூடை வராது, வீட்டில் காயே இருக்காது. அன்று நாலைந்து துண்டை எடுத்து உப்பு போக ஒரு தரம் அலசிவிட்டு, இரண்டாம் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடு. புளி வேண்டாம், மாவத்தலே பார்த்துக்கொள்ளும். உப்பையும் கடைசியில் ருசி பார்த்துப் போடு. மொச்சையும் பலாக்கொட்டையும் இருந்தால் சேர்த்துக்கொள்.